தொழிலாளியின் நுரையீரல்தான் கருவியா?

2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செல்போன் பாகங்கள் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஏறத்தாழ 250 பேர் தலைசுற்றலும் குமட்டலுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையில் உற்பத்தி நிறுத்தி வைக்கப்பட்டது. பூச்சிமருந்து தெளித்தது காரணமாக இருக்கலாம் என்று நிர்வாகம் அறிவித்தது.

“இருக்கலாம்!” இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம்.

காற்றில் என்ன கலந்திருந்தது, எவ்வளவு கலந்திருந்தது என்று அந்த நிமிஷமே சொல்லக்கூடிய கருவி வேலைத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தால் “இருக்கலாம்” என்ற சொல்லுக்கு இடமே இல்லை. இன்ன நஞ்சு, இத்தனை மில்லிகிராம், இத்தனை மணிக்கு என்று கணக்கு கையில் இருக்கும். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் முதலில் நஞ்சைக் கண்டுபிடிப்பது எது? தொழிலாளியின் மூக்கு, தொழிலாளியின் கண், தொழிலாளியின் நுரையீரல்.

அப்படிப்பட்ட கருவி உலகத்தில் இல்லையா? இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவை யாரைக் காப்பாற்றுகின்றன, யாரைக் கைவிடுகின்றன என்பதே கேள்வி.

களத்து மேட்டு விஞ்ஞானம்

காற்றில் மிதக்கும் துகளைப் பிடிப்பதும் தரம் பிரிப்பதும் ஏதோ மந்திர வித்தை என்று படித்தவர்கள் பயமுறுத்துவார்கள். பயப்படத் தேவையில்லை. விவசாயத் தொழிலாளி களத்து மேட்டில் நெல் தூற்றுகிறாரே, அதே விஞ்ஞானம்தான் இது. முறத்திலிருந்து விழும்போது கனமான நெல் காலடியில் விழுகிறது. பதர் காற்றோடு போய்த் தள்ளி விழுகிறது. கனத்துக்கு ஒரு பாதை, லேசானதற்கு ஒரு பாதை. அவ்வளவுதான்.

ஒரு சிறு குழாய்க்குள் காற்றைச் சுழல விட்டால் பெரிய தூசி சுவரில் மோதிக் கீழே விழுகிறது. நுண்ணிய தூசி மட்டும் மேலே போய் வடிதாளில் படிகிறது. டிபன் பெட்டியைவிடச் சிறிய பம்பு ஒன்றை இடுப்பில் கட்டி, இந்தக் குழாயைச் சட்டைக் காலரில் மாட்டிவிட்டால், எட்டு மணி நேர ஷிப்டில் அந்த மனிதன் சுவாசித்தது என்ன என்பது வடிதாளில் பதிவாகிவிடும்.

இன்னொரு கருவி ஆறடுக்கு டிபன் கேரியர் போல் இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் துளைகள். கீழே போகப்போகத் துளை சிறிதாகும், காற்றின் வேகம் கூடும். பஸ் திடீரென்று வளைவில் திரும்பினால் நின்றுகொண்டிருப்பவர் பக்கவாட்டில் போய் மோதுவதில்லையா? அதுபோலப் பெரிய துகள் திரும்ப முடியாமல் மேல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்கிறது. சிறியது வளைந்து அடுத்த அடுக்குக்குப் போகிறது. தட்டுகளில் கிருமி வளரும் கூழை வைத்தால் காற்றில் உயிருள்ள கிருமி எத்தனை என்பதையும் எண்ணிவிடலாம்.

ஏன் பிரிக்க வேண்டும்? தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சளியோடு வெளியே வந்துவிடும். ஐந்து மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிட, கண்ணுக்குத் தெரியாத தூசிதான் கொல்லும் தூசி. “எங்கள் ஆலையைப் பாருங்கள், தரை கண்ணாடி போலப் பளபளக்கிறது” என்று பெருமை பேசுகிற நிர்வாகிகளுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயுவும் ஆவியும் துகள் அல்ல. அவை வடிதாளில் நிற்காது. அவற்றைப் பிடிக்கக் கரி நிரப்பிய கண்ணாடிக் குழாய் உண்டு. மருந்து தெளிக்கும்போது எழும் புகைமூட்டத்தில் துளியும் உண்டு, ஆவியும் உண்டு. இரண்டையும் பிடிக்க வழி இருக்கிறது.

யுத்தத்துக்குப் பிறந்த கருவி

இந்த அடுக்குக் கருவியைப் பற்றி 1945ல் உலகுக்கு எழுதியவர் கே.ஆர். மே என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. அவர் வேலை செய்த இடம் போர்ட்டன் டவுன். அது விஷவாயு யுத்தத்துக்கும் நோய்க்கிருமி யுத்தத்துக்கும் பிரிட்டிஷ் சர்க்கார் வைத்திருந்த ஆராய்ச்சிக்கூடம். எத்தனை பெரிய துளி மனிதனின் நெஞ்சுக்குள் இறங்கும் என்று யுத்த வெறியர்கள் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அதற்காகப் பிறந்த அறிவு இது. ஆலைத் தொழிலாளியின் நெஞ்சைப் பற்றிய கவலை அங்கே முதலிடத்தில் இருந்ததில்லை.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2001ல் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய கடிதங்கள் தபாலில் வந்தன. அக்டோபர் 15ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் அப்படிப்பட்ட ஒரு உறை பிரிக்கப்பட்டது. உடனே அங்கிருந்தவர்களுக்குப் பரிசோதனை, மருந்து. இரண்டே நாளில் அந்தக் கட்டிடம் மூடப்பட்டது. ஆனால் அதே கடிதம் கடந்து வந்த பிரென்ட்வுட் தபால் பிரிப்பு நிலையம்? அங்கே யந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தாளின் நுண்துளை வழியாகக் கிருமியைப் பிதுக்கித் தள்ளியவை அந்த யந்திரங்கள்தான். தபால் தொழிலாளர்களை “ஆபத்தில்லை” என்று சொல்லி வேலை வாங்கினார்கள். 21ஆம் தேதிதான் நிலையம் மூடப்பட்டது. அங்கு வேலை பார்த்த இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள்.

செனட்டரின் காற்றுக்கு ஒரு நியாயம், தபால்காரனின் காற்றுக்கு ஒரு நியாயம்! வர்க்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தபால் பிரிப்பு யந்திரங்களின் மேல் காற்றை உறிஞ்சி, துகளைத் திரவத்தில் பிடித்து, கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2003ல் பெரிய நகரங்களில் தினமும் காற்றை வடிகட்டிச் சோதிக்கும் திட்டமும் வந்தது. அந்தத் தபால் கருவிக்குள் சோதனை முறையைச் செய்து கொடுத்த கம்பெனியின் யந்திரம்தான் இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோயாளியின் சளியைச் சோதிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் அதை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ஆக, அறிவு யுத்தத்துக்கு மட்டும் உழைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஜனங்களுக்கு உழைக்க வைத்தால் உழைக்கும்.

தூசிக்குப் பயப்படும் முதலாளி

ஸ்ரீபெரும்புதூருக்கே திரும்புவோம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, அந்தப் பக்கம் ஒரகடம், வல்லம் வரை ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. கார், செல்போன், டயர், கண்ணாடி. இங்கே காற்றுத் துகளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மிக நன்றாகத் தெரியும்!

காருக்குப் பெயின்ட் அடிக்கும் கூடத்தில் கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இறங்குகிறது. ஏன்? பெயின்டில் ஒரு தூசி ஒட்டினால் காரின் விலை குறைந்துவிடும். நுண்ணிய மின்னணுச் சாமான்கள் செய்யும் சுத்த அறைகளில் துகள் எண்ணும் கருவி இரவும் பகலும் ஓடுகிறது. சர்வதேசத் தரத்தில் ஏழாம் வகுப்பு அறை என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 3,52,000க்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பென்றால் 3,520தான்! கணக்கு ஒன்று கூடினாலும் மணி அடிக்கும். அதிகாரிகள் ஓடி வருவார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் விடுதி வாசலில் ஓர் இளம் தொழிலாளி நம்மிடம் சொன்னார்: “லென்சுல ஒரு புள்ளி தூசி இருந்தா லைனையே நிறுத்திடறாங்க அண்ணே. பத்து நாளா எனக்குத் தொண்டை எரியுது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, தண்ணி குடின்னு சொல்றாரு.”

இந்த ஒரு பேச்சில் முழு அரசியல் பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது. லென்சு முதலாளியின் சொத்து. தொண்டை ஒப்பந்தத் தொழிலாளியின் சொத்து. லென்சு கெட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. தொண்டை கெட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கும், திருவண்ணாமலைப் பக்கத்தில் அவர் பணம் அனுப்பும் குடும்பத்துக்கும். காண்ட்ராக்டர் வேறொரு தொண்டையைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவார்!

பற்றவைக்கும் ஈயத்தோடு எரியும் குங்கிலியப் புகை ஆஸ்துமா தரும் என்பது மருத்துவ நூல்களில் எழுதப்பட்ட விஷயம். கார் சீட்டின் நுரை மெத்தையிலும், சில வகைப் பெயின்டுகளைக் கெட்டிப்படுத்தும் மருந்திலும் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். போபாலில் கொன்றதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வார்ப்பாலை மணலிலும் அரவைக் கல்லிலும் கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கல்லாக்குகிறது. இவற்றை எண்ணும் கருவி எத்தனை தொழிலாளியின் காலரில் தொங்குகிறது? தோழர்களே, உங்கள் காலரைத் தொட்டுப் பாருங்கள்!

போபாலில் கண்ணீர், எண்ணூரில் மூச்சு

போபாலை நாம் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்? யூனியன் கார்பைடு ஆலையில் மீதைல் ஐசோசயனேட் கசிகிறதா என்று கண்டுபிடிக்கத் தொழிலாளர்களுக்கு இருந்த கருவி, எரிகிற கண்கள்தான். கண்ணில் நீர் வழிவதை எச்சரிக்கையாக நம்பக் கூடாது என்று அந்தக் கம்பெனியின் சொந்தக் கையேடே எழுதியிருந்தது! 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு கண் எரிகிறது என்று தொழிலாளர்கள் சொன்னபோது, டீ நேரம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் இருந்துவிட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சுமார் 40 டன் நஞ்சு ஊருக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலும் ஓட்டத்திலும் மாண்டார்கள்.

அது பழைய கதை என்பார்கள். சரி, 2020 மே 7ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி அதிகாலையில் ஊருக்குள் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மீனவர்களுக்கு அதைச் சொன்னது எந்தக் கருவி? அவர்களுடைய தொண்டையும் கண்ணும்தான். நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்க வேண்டிய அளவு 400. ஜனங்கள் ஓடியபின் கருவி வந்தது!

விஷவாயு, நோய்க்கிருமி ஆபத்துக்களைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாளம் அரக்கோணத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. அந்த வீரர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் விபத்து நடந்தபின் வருகிறவர்கள். ஷிப்டுக்குள் தினமும் சிறிது சிறிதாக நடக்கும் விபத்துக்கு யார் வருவது?

பஞ்சாலைத் தோழர்கள் அறிந்த திங்கட்கிழமை

கோவைப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவருக்கு விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கும்; வாரக் கடைசியில் தேறும்; வருஷங்கள் போனபின் தேறாது. இது பஞ்சுத் தூசி நோய். டாக்டரிடம் போனால் முதல் கேள்வி, “பீடி குடிப்பியா?”

இந்தத் தூசியைப் பிரித்து அளக்கவும் ஒரு கருவி உண்டு. நிமிர்த்தி வைத்த குழாயில் காற்றை மெதுவாக மேலே இழுப்பார்கள். நிமிஷத்துக்கு 7.4 லிட்டர்தான். பஞ்சு நார் கனத்தால் கீழேயே தங்கும். 15 மைக்ரானுக்குக் குறைந்த தூசி மட்டும் மேலே ஏறித் தாளில் படியும். அதை நிறுத்துப் பார்த்தால் போதும். 1978ல் அமெரிக்க சர்க்கார் இந்தக் கருவியை வைத்து, நூற்புப் பகுதியில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று விதி செய்தது. தானாகச் செய்யவில்லை; நெஞ்சு கெட்ட தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் போராடிச் செய்ய வைத்தார்கள். ஆலை முதலாளிகள் “செலவுக்கும் லாபத்துக்கும் கணக்குப் பார்க்காமல் விதி செய்யலாமா?” என்று உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1981ல் தோற்றார்கள். அந்த விதி எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் நிறைவேறியது என்று அந்த சர்க்காரின் மறுஆய்வே 2000ல் ஒப்புக்கொண்டது. முதலாளித்துவத்தின் தலைமைப்பீடத்திலேயே போராடினால் இது நடக்கிறது, இங்கே நடக்காதா?

மூன்று சாக்குகள்

“கருவிக்குச் செலவாகும்” என்பது முதல் சாக்கு. ஒரு ரோபோக் கையின் விலைக்கு முன்னால் இடுப்புப் பம்பின் விலை யானைக்கு முன் எறும்பு. லென்சுக்காக எண்ணுகிறவர்களுக்கு மனிதனுக்காக எண்ணக் காசில்லையா?

“பெண்கள் கூட்டமாகப் பயந்துவிடுகிறார்கள், அது மனப்பிராந்தி” என்பது இரண்டாவது. சரி, அப்படியே இருக்கட்டும். அளந்து காட்டுங்கள்! காற்று சுத்தம் என்று தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். பயம் தானே போய்விடும். அளக்காமலே பிராந்தி என்று சொல்வது வைத்தியமல்ல, வசவு.

“அது கம்பெனி ரகசியம்” என்பது மூன்றாவது. இதன் குட்டு கொரியாவில் வெளிப்பட்டது. சாம்சங் சிப் ஆலையில் வேலை பார்த்த டாக்சி டிரைவரின் மகள் ஒருவர் 2007ல் 22 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். தகப்பன் விடவில்லை, நோயுற்ற மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். வேலையிடத்துக் காற்றை அளந்த அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று 2018ல் நீதிமன்றம் சொன்னபோது, அது தொழில் ரகசியம் என்று கம்பெனி முரண்டு பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சுங்குவார்சத்திரத்து சாம்சங் ஆலை சிப் செய்யவில்லை, பிரிட்ஜும் டி.வி.யும் வாஷிங் மெஷினும் செய்கிறது. அந்த வியாதி இங்கும் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியின் மூச்சில் போனது என்ன என்பது முதலாளியின் ரகசியமாக இருக்க முடியாது என்கிறோம். 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் வைக்கும் உரிமைக்கு நின்ற அந்தத் தோழர்களுக்கு இது புரியும். சங்கம் இல்லாத இடத்தில் அறிக்கையை யார் கேட்பது?

சட்டத்தைத் தேய்க்கிறார்கள்

போபால் பிணங்களின் மேல்தான் 1987ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. எந்த நஞ்சு காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற அட்டவணை சட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது. மீதைல் ஐசோசயனேட்டுக்குப் பத்துக் கோடியில் இரண்டு பங்கு. ஆபத்தான தொழிலில் தொழிலாளியும் உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி கட்டாயமாக்கப்பட்டது. அபாயம் கண்டால் எச்சரிக்கும் உரிமை எழுதப்பட்டது.

இந்தச் சட்டத்தை விழுங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலாகிறது என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அதில் அட்டவணை சட்டத்திலிருந்து போயிற்று. அளவை மாநில சர்க்கார் விதியில் வகுத்துக்கொள்ளும். கமிட்டி, சர்க்கார் உத்தரவிட்டால் உண்டு. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆயிற்று. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. இன்ஸ்பெக்டர் இனி வெறும் இன்ஸ்பெக்டர் அல்ல, ‘வசதி செய்து தருபவரும்’ கூட! யாருக்கு வசதி?

வயலுக்கும் இதே காற்று

விவசாயத் தொழிலாளி இதை ஆலைக்காரர் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2010ல் ஆலைக்குள் பேசப்பட்டது உங்கள் முதுகில் தொங்கும் டப்பாவில் இருக்கிற பூச்சிமருந்தேதான். 2017ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்தி வயலில் மருந்தடித்த கூலியாட்களும் விவசாயிகளுமாக 20க்கு மேற்பட்டோர் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆலையில் சட்டம் தேய்கிறது என்றால், வயலில் அளப்பதற்கு ஆளே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்வது யார்? வயலில் கூலி போதாமல் வந்த உங்கள் பிள்ளைகள். அப்பன் வயலில் சுவாசித்ததை மகள் ஆலையில் சுவாசிக்கிறாள்.

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு ஆபத்தான பிரிவிலும் தொழிலாளியின் மூச்சுக்கருகே, முழு ஷிப்டும், காற்றை அளக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியை முதலில் அளக்க வேண்டும்.

இரண்டு: அளக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி உடனிருக்க வேண்டும். முடிவைத் தமிழில் வாசலில் ஒட்ட வேண்டும்.

மூன்று: நஞ்சு வரம்பின் அட்டவணையை மாநில சர்க்கார் ஒரு புள்ளிகூடத் தளர்த்தாமல் விதியாக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஆளும் கருவியும் கொடுக்க வேண்டும்.

நான்கு: ஆலைக்குள் மருந்து தெளித்தால் ஷிப்டு இல்லாத நேரத்தில் தெளிக்க வேண்டும், என்ன மருந்து என்று முன்கூட்டி எழுதி ஒட்ட வேண்டும்.

ஐந்து: வயலில் மருந்தடிப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் மருந்தின் பெயரும் தெரியாமல் டப்பாவைத் தூக்கச் சொல்லக் கூடாது.

கருவி வரும்வரை கை கட்டி நிற்க வேண்டாம். நாளை ஷிப்டுக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்குங்கள். தேதி, மணி, பிரிவு, என்ன நெடி, யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். பக்கத்து லைன் தோழரையும் எழுதச் சொல்லுங்கள். பத்து நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தக் கூடத்தில், எந்த நேரத்தில் காற்று கெடுகிறது என்று தெரிந்துவிடும். சங்கம் நிர்வாகத்தின் முன் உட்காரும்போது மேஜையில் அந்த நோட்டுகள் இருக்கட்டும்.

அடுத்த முறை ஸ்ரீபெரும்புதூரில் ஒருவர் மயங்கி விழுந்தால், “இருக்கலாம்” என்று யாரும் சொல்லிவிட்டுப் போக விடக் கூடாது.